ஒரு படி தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையும் நாலு மணி விடுப்பும்

எனக்குப் பிள்ளை கிடையாது. ஆனாலும் எண்பதுகளின் கடைசியில் கொஞ்ச காலம் நான் ஒரு பிள்ளைக்குத் தாயாக இருந்தேன். விலை ஒரு படி தவிடு. அந்தக் கதையை எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்.

அப்போது அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் ஒரு சின்ன நூல் மில்லில் வேலை பார்த்தேன். கட்டையில் சுற்றி வருகிற நூலைப் பெரிய ராட்டையில் ஏற்றி, சிட்டம் சிட்டமாக எடுத்துக் கட்டுவது எங்கள் வேலை. டவுனில் தறி போடுகிறவர்கள் அந்தச் சிட்டத்தைத்தான் வாங்கிப் போவார்கள். நாங்கள் பன்னிரண்டு பெண்கள், எல்லாரும் ஒரே ஊர், மில்லிலிருந்து கால்மணி நேர நடை. காலையில் எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் அஞ்சரைக்கு விடுவார்கள்.

பிள்ளைக்காரிகளுக்கு மட்டும் நாலு மணி. இது எழுதி வைத்த சட்டம் இல்லை. முதலாளி ஒரு நாள் காரை விட்டு இறங்கும்போது வாசலில் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுததாம். "பிள்ளை வச்சிருக்கவங்க நாலு மணிக்குப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எத்தனை வயசுப் பிள்ளை என்று அவரும் சொல்லவில்லை, மேஸ்திரியும் கேட்கவில்லை. கைக்குழந்தைக்காரி போனாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்காரியும் போனாள். ஒருத்தியின் மகனுக்கு மீசையே முளைத்திருந்தது. அவளும், "எம்புள்ள பசி தாங்க மாட்டான்" என்று நாலு மணிக்குச் செருப்பை மாட்டுவாள்.

மிச்சம் மூன்று பேர். நான் ஒருத்தி. கல்யாணம் ஆகாத ஒரு பெண் ஒருத்தி. நாலு பிள்ளை பெற்று நாலும் மெட்ராஸுக்குப் போய்விட்ட ஒரு கிழவி. மற்றவர்கள் விட்டுப்போன ராட்டையில் கிடக்கிற நூலை எல்லாம் நாங்கள் எடுத்து முடித்து, சிட்டத்தைக் கட்டி, பஞ்சுத் தூசியைக் கூட்டி அள்ளிவிட்டு வெளியே வரும்போது மூன்று பேர் தலையும் ஒன்றுபோல வெள்ளையாக இருக்கும். அந்தப் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் ஒரு தடவை எங்களை ரோட்டில் கண்டு, "இதுல பொண்ணு யாரு?" என்று கேட்டார்கள். கிழவி கூச்சமில்லாமல் "நான்தான்" என்றாள். அந்தச் சம்பந்தம் தட்டிப்போனது.

வேலையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குத் தண்ணீர்தான் பெரிய பாடு. எங்கள் ஊர்த் தெருக்குழாயில் நாலு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும்தான் தண்ணீர் வரும். நான் குடத்தோடு போய்ச் சேரும்போது குழாய் உஸ்ஸென்று காத்து விட்டுக்கொண்டிருக்கும். அப்புறம் ஊருக்கு வெளியே தோட்டத்துக் கிணற்றுக்கு நடக்க வேண்டும். அது சரியான உப்புத் தண்ணி. அதில் பருப்பு வேகாது. எவ்வளவு விறகு வைத்தாலும் பருப்பு பருப்பாகவே நிற்கும். என் வீட்டுக்காரர் தட்டில் அதை விரலால் உருட்டிப் பார்த்து, "இது குழம்பா, கோலிக்குண்டு வெளையாட்டா?" என்பார்.

"நாலு மணிக்கு எனக்கும் விடுங்க" என்று மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் ஆம்பளைகள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. முந்தானை நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நிற்பேன். முறுக்கி முறுக்கி என்னிடம் இருந்த நாலு சேலைக்கும் ஒரு முனை நைந்து போயிருந்தது.

என் பக்கத்து ராட்டைக்காரி என்னை மதினி என்று கூப்பிடுவாள். இந்த நாலு மணி வழக்கம் வந்தபோது அவள் பேறுகாலத்துக்கு வீட்டில் இருந்தாள். அவளுக்கு முதல் இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. மூன்றாவதாக ஒரு பெண் பிள்ளை பிறந்தது. எங்கள் பக்கம் இப்படிப் பிறந்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். யாராவது ஒருத்தி ஒரு படி தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். பெற்றவள் அந்த வீட்டுப் பிள்ளையை வளர்த்துக் கொடுக்கிற மாதிரி வளர்ப்பாள். முடி இறக்குகிற வரைக்கும் "எம்புள்ள" என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. சொன்னால் காதில் வாங்கிக்கொண்டு எமன் வந்துவிடுவான்.

அவள் என்னிடம் வந்து, "மதினி, நீங்க வாங்கிக்கிருங்க" என்றாள்.

"ஏத்தா, ஊருல புள்ளைக்காரி இத்தனை பேரு இருக்காக. போயும் போயும் எங்கிட்டயா?"

"அதுக்குத்தான் மதினி. ஒங்க வீட்டுல எந்தக் காலத்துலயும் புள்ள இருந்ததில்ல. எமன் அந்தப் பக்கம் தேடியே வரமாட்டான்."

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. கோபப்படவும் வழியில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மாரியம்மன் கோயில் வாசலில் பிள்ளையை முறத்தில் போட்டு வைத்தாள். நான் ஒரு படி தவிட்டை அவள் மடியில் கொட்டினேன். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்து, "ஒங்க புள்ளைய நான் வளத்துத் தாரேன்" என்று வாங்கிக்கொண்டு போனாள். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு படி தவிடு போச்சு. அந்தத் தவிட்டுக்கு ஒரு கழுதை வாங்கியிருந்தா கிணத்துத் தண்ணியாவது சுமந்திருக்கும்" என்றார்.

மூன்று மாதம் கழித்து அவள் மறுபடி வேலைக்கு வந்தாள். பிள்ளை வீட்டில் மாமியாரிடம் இருந்தது. நாலு மணி ஆனதும் எல்லாப் பிள்ளைக்காரிகளோடும் அவளும் எழுந்தாள். முந்தின நாள்தான் அவளுக்கும் மீசைக்காரன் அம்மாவுக்கும் குழாயடியில் சண்டை. மீசைக்காரன் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மில்லே கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள்.

"நீ எங்கடி கெளம்புற? ஒனக்கு ஏது புள்ள? நீதான் தவிட்டுக்கு வித்துட்டியே!"

மேஸ்திரி திடுக்கிட்டுத் திரும்பினார். அவர் பயங்கர பக்திமான். நெற்றியில் திருநீறு மூன்று கோடு அழியாது. பல்லி கத்தினால் மோட்டார் சுவிட்சைப் போட மாட்டார். மெல்ல நடந்து வந்து, "ஏத்தா, உள்ளதச் சொல்லு. அது யாரு புள்ள?" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். "எம்" என்று வந்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கண் இரண்டும் மேலே கூரையைப் பார்த்தன, எமன் அங்கேதான் உட்கார்ந்திருக்கிற மாதிரி. பிறகு விரலை நீட்டி என்னைக் காட்டினாள்.

பன்னிரண்டு ராட்டையும் நின்றுவிட்டன. "ஆமாவாத்தா?" என்று மேஸ்திரி என்னைக் கேட்டார். நான் என்ன செய்வேன்? இல்லை என்றால் பிள்ளைக்கு ஆகாது. முந்தானையை முறுக்கிக்கொண்டே தலையை ஆட்டினேன்.

"அப்ப புள்ளைக்காரி நீதான். நீ கெளம்பு." அவளைப் பார்த்து, "நீ ஒக்காரு" என்றார்.

சாமி காரியம் என்று வந்துவிட்டால் அவரிடம் மறுபேச்சு கிடையாது. நான் நாலு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். வெயிலைப் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது போல இருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்கத்தானே விட்டிருக்கிறார்கள் என்று நேராக அவள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். அது என் மாரில் முட்டி முட்டித் தேடியது. ரவிக்கையில் இருந்த ஊக்கு இரண்டும்தான் கிடைத்தன. தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், முதலாளிகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. அதன் அப்பத்தா ஆட்டுப்பாலைச் சங்கில் ஊற்றிப் புகட்டினாள்.

அப்புறம் குழாயடிக்கு ஓடினேன். முழுசாக நாலு குடம் பிடித்தேன். அன்றைக்குப் பருப்பு குழைந்து கரைந்து போனது. வீட்டுக்காரர் தட்டை வழித்து நக்கிவிட்டு, "தவிடு வீண் போகல" என்றார்.

நாலு நாள் இப்படியே போனது. நாலாவது நாள் சாயங்காலம் நான் குழம்பு கொதிக்க வைத்துவிட்டு வாசலில் நிற்கிறேன், அவள் மில்லிலிருந்து ஓடி வருகிறாள். ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்து, அதன் மேல் பஞ்சு அப்பி, பாவமாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் "வாரேன் மதினி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள். திட்டியிருந்தால் எனக்குப் பரவாயில்லை. அன்றைக்குப் பருப்பு எனக்கு இறங்கவில்லை.

அந்த நாலு மணியை விடவும் எனக்கு மனசில்லை. அதுதான் உண்மை. ஆனால் அவளை உட்கார வைத்துவிட்டு நான் போகவும் கூடாது. மேஸ்திரியிடம் பேசித்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். என்ன பேசுவது என்று வீட்டில் தண்ணீர்க் குடத்தைப் பார்த்துப் பேசிப் பழகினேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "குடம் என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் மேஸ்திரி முன்னால் போய் நின்றேன். பழகினதெல்லாம் மறந்துவிட்டது. கடைசியில் வாயில் வந்தது இதுதான்:

"மேஸ்திரி அண்ணே, புள்ள என்னுதுதான். பால்தான் அவகிட்ட இருக்கு."

ராட்டைகளுக்குப் பின்னால் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மேஸ்திரிக்குத் திருநீற்றுக்குக் கீழே முகம் சிவந்துவிட்டது. அவருக்கும் கூச்சம்தான், எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அதுக்கு நான் என்னத்தா செய்ய?"

"ரெண்டு பேரையும் விடணும்ண்ணே. நான் புள்ளையத் தூக்கணும், அவ பாலக் குடுக்கணும்."

"அதெப்படி? ஒரு புள்ளைக்கு ரெண்டு பேரா?" என்று மீசைக்காரன் அம்மா பாய்ந்தாள்.

கிழவி விடவில்லை. "ஏன், மீசைக்கு ஒருத்தி போறப்ப, பாலுக்கு ரெண்டு பேரு போகக் கூடாதாக்கும்? எனக்கும் நாலு புள்ள இருக்கு மேஸ்திரி. நாலும் மெட்ராஸுல இருக்கு. நாலு மணிக்கு விட்டா நானும் போயி ஊட்டிட்டு வாரேன்."

கல்யாணம் ஆகாத பெண், "எனக்கும் யாராச்சும் ஒண்ண வில்லுங்க. ரெண்டு படி தவிடு தாரேன்" என்றாள்.

"எங்கிட்ட அஞ்சு கெடக்கு, எது வேணும்?" என்று ஒருத்தி அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். "மூத்தவன எடுத்துக்க. தவிடே வேண்டாம், நானே மேல ஒரு படி தாரேன்."

"அவன் சாப்பாட்டுக்கு யாரு பொறுப்பு?"

"வாங்குனவ பொறுப்பு. வித்தது வித்ததுதான், திருப்பி வாங்க மாட்டேன்."

வேலை நின்று சந்தை ஆகிவிட்டது. மேஸ்திரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அவருடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகு நேரம் கழித்து வெளியே வந்தார். சாமி படத்துக்குச் சூடம் காட்டின வாசனை அவரோடு வந்தது. கையில் ஒரு பேப்பர்கூட இல்லை, மனசிலேயே கணக்குப் போட்டிருந்தார்.

"இனிமே யாரு புள்ள யாரு வீட்டுலன்னு நான் கேக்க மாட்டேன். எல்லாரும் காலையில ஏழரைக்கு வாங்க. மத்தியானம் அரைமணி நேரத்துக்குள்ள சாப்பிட்டு முடிங்க. நாலரைக்கு எல்லாரும் போங்க. கூட்டுற வேலையும் எல்லாருக்கும் பொது. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

மற்றப் பிள்ளைக்காரிகள் எட்டுப் பேரும் முறைத்தார்கள், அவர்களுக்கு அரைமணி போனது. எங்கள் மூன்று பேருக்கும் ஒரு மணி நேரம் வந்தது. என் பக்கத்து ராட்டைக்காரி என் கையைப் பிடித்து அழுத்தினாள். மேஸ்திரி அறைக்குள் போகிறபோது திரும்பி, "ஏத்தா, நீ பேசாம இருந்தப்ப நல்லா இருந்துச்சு" என்று என்னிடம் சொன்னார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நாலரைக்குப் பன்னிரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பினோம். ரோடு முழுக்கப் பேச்சும் சிரிப்புமாக, ஏதோ திருவிழாவுக்குப் போகிற மாதிரி நடந்தோம். ஊருக்குள் நுழைந்த பிறகுதான் ஒருத்திக்கும் தோன்றாத ஒரு விஷயம் தெரிந்தது. இருப்பது ஒரே குழாய். தண்ணீர் நிற்க இன்னும் கால்மணி நேரம்தான். பக்கத்து ராட்டைக்காரி மட்டும் பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு ஓடிவிட்டாள், மிச்சம் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் குடத்தோடு வந்து நிற்கிறோம், ஏற்கனவே ஊர்க்காரர்கள் குடம் வேறு வரிசையாக இருக்கிறது.

"நியாயம் கேட்டாகளே, இந்தா வந்துருச்சு நியாயம்! குடத்துல புடிச்சுக்கிருங்க!" என்று மீசைக்காரன் அம்மா என்னைப் பார்த்துக் கத்தினாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வரிசையில் என் இடம் கடைசிக்கு முந்தியது. அன்றைக்கும் உப்புத் தண்ணிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து ராட்டைக்காரி வீட்டிலிருந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வயிறு நிறையப் பால் குடித்துவிட்டு அது ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. எங்கள் குழாயடியில் ஒரு வழக்கம் உண்டு, கைக்குழந்தையோடு வருகிறவளுக்கு எல்லாரும் வழி விட வேண்டும். அவளுக்கு வழி விட்டார்கள். அவள் இரண்டு குடம் பிடித்தாள். பிடித்து முடித்து நேராக என்னிடம் வந்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "இந்தாங்க மதினி, ஒங்க புள்ள. இவ்வளவு நேரம் நான் வச்சிருந்தேன்" என்று என் இடுப்பில் வைத்தாள்.

நான் பிள்ளையோடு முன்னால் போனேன்.

"இது என்ன அநியாயம்! ஒரு புள்ளைய வச்சு ரெண்டு வீட்டுக்குத் தண்ணியா? இருங்க, எம்மவனையும் தூக்கிட்டு வாரேன்!" என்றாள் மீசைக்காரன் அம்மா.

"தூக்கித்தான் பாரேன்" என்றாள் கிழவி. "இடுப்புல நின்னா நானே ஒனக்குக் குடம் புடிச்சுத் தாரேன்."

குழாயடியே சிரித்தது. மீசைக்காரன் அம்மாவும்கூட அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். எனக்கு இரண்டு குடம் நிறைந்தபோது குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் நகர்வதற்குள் யாரோ பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்தார்கள். திரும்பினால் கல்யாணம் ஆகாத பெண், காலிக் குடத்தோடு.

"யக்கா," என்றாள் மெதுவாக, "அந்தப் புள்ளைய ஒரு குடத்துக்கு மட்டும் எனக்கு இரவல் குடேன்."

நான் பிள்ளையைப் பெற்றவளைப் பார்த்தேன். அவள், "எங்கிட்ட ஏன் கேக்குறீக? ஒங்க புள்ள, ஒங்க இஷ்டம்" என்றாள். கொடுத்தேன்.