கோடையில் பார்த்த நிலம்

அக்காவின் வலது கை நடுங்குகிறது என்பதைக் கண்டுகொள்ள எங்களுக்கு வெகுகாலம் பிடித்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருந்தன. அவள் மண்ணியல் படித்தவள். பணிக்காலம் முழுவதும் ஊர் ஊராகப் போய் ஈரமண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து, அந்த இரண்டு விரல்களுக்கும் நடுவில் அழுத்தி, நாடாவைப் போல இழுத்துப் பார்த்தவள். நாடா அறுந்துபோகாமல் நீண்டால் களிமண், உதிர்ந்தால் மணல். ஓய்வு பெற்ற பிறகும் மின்சார ரயிலிலும் ஆலயத்தில் பிரசங்கத்தின் நடுவிலும் அந்த விரல்கள் சும்மா இருந்ததில்லை. ஆகவே நடுக்கம் வந்தபோது அதையும் பழக்கம் என்றே எடுத்துக்கொண்டோம். தாம்பரத்தில் நரம்பு மருத்துவர், "எப்போலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார். வீட்டில் வாங்கிய ஒவ்வொரு பொருளின் அடியிலும் தேதி எழுதிவைப்பவன் நான். பழக்கம் எந்த மாதத்தில் முடிந்தது, நோய் எந்த மாதத்தில் தொடங்கியது என்று மட்டும் என்னிடம் குறிப்பு இல்லை.

அக்கா மணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவி காலமான பிறகு நாங்கள் இருவரும் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். நான் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். பழைய மாவட்டக் கையேடுகளையும் நிலவரி அறிக்கைகளையும் கதைப் புத்தகம் போலப் படிப்பேன். அக்காவுக்கு அது வேடிக்கை. "நீ காகிதத்துல நிலம் பாக்குற. நான் கால்ல பாத்தேன்" என்பாள்.

மருத்துவரைப் பார்த்த அதே ஆனி மாதத்தில் அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. நாடு முழுவதற்கும் விவசாய நிலம், காட்டு நிலம் இரண்டையும் எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு கொள்கை வகுக்கிறார்கள்; அதற்கான துணைக்குழுவில் அவள் ஓர் உறுப்பினர். அன்று அவள் சமையலறையில் பாடிக்கொண்டே ரசம் வைத்தாள். மருந்து அட்டை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது.

வரைவு வந்ததும் முதலில் அட்டவணையைத்தான் திறந்தாள். பயிர், காடு, மேய்ச்சல், நீர்நிலை, குடியிருப்பு, தரிசு. ஒவ்வொரு நிலமும் இவற்றில் ஏதாவது ஒன்றில் அடங்க வேண்டும். தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தில் மரம் நட்டுக் காட்டின் பரப்பைக் கூட்ட வேண்டும் என்று கீழே ஒரு பத்தி. அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"நம்ம பின்னாடி இருக்கே, அதை எங்கடா போடுவாங்க?"

பின்னாடி என்றால் எங்கள் காலனியைத் தாண்டி, பள்ளிக்கரணைச் சதுப்பை நோக்கி இறங்கும் ஒரு நீண்ட துண்டு நிலம். ஐப்பசியில் அதில் தண்ணீர் ஏறும். தை வரை நிற்கும். தண்ணீர் வடிய வடியப் புல்லும் கோரையும் எழும்பும், எருமைகள் இறங்கும், மேட்டோரம் யாராவது கீரை விதைப்பார்கள். சித்திரையில் எல்லாம் காய்ந்து களி வெடித்து, பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அரசுக் கணக்கில் அது தரிசு.

எங்களுக்குப் பால் ஊற்றும் அம்மாவின் எருமைகள் மேய்ந்தது அங்கேதான். அவர் அக்காவை மண்ணு மேடம் என்று கூப்பிடுவார். "இன்னா மண்ணு மேடம், மண்ண மோந்து பாத்துகினே இருந்தியே, இன்னைக்கு தின்னே பாத்துட்டியா?" என்பார். அக்கா சளைக்காமல், "உன் பாலைவிட அதுல தண்ணி கம்மி" என்பாள்.

அந்த நிலம் தரிசாகவே எழுதப்பட்டு, மரம் நடப்பட்டு, வேலி போடப்பட்டால் அந்த எருமைகளுக்குப் போக இடம் இல்லை. மழைத் தண்ணீருக்கும் இல்லை. அக்காவுக்கு அது தெரியும். அவளுக்குக் கொள்கையில் ஒரே ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது: எந்த நிலத்தையும் வறண்ட காலத்தில் ஒரு முறையும் மழைக்காலத்தில் ஒரு முறையும் நேரில் பார்க்காமல் தரிசு என்று அறிவிக்கக் கூடாது.

"மரம் நடுறதை எதிர்க்கிற ஒரே விஞ்ஞானி நீயாத்தான்க்கா இருப்பே" என்று சீண்டினேன்.

"நடட்டும், வேண்டாங்கல. தண்ணி படுக்கிற எடத்துல நடாதேங்கிறேன். உன் கட்டில்ல நான் தென்னங்கன்னு வெச்சா நீ எங்கடா படுப்பே?"

ஒரு வாக்கியத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டேன். அப்போதுதான் அவர்களுடைய தொழிலில் யாரும் எழுதிவைக்காத ஒரு வழக்கத்தைச் சொன்னாள். நிலம் பார்க்கப் போவது எப்போதும் கோடையில்தான். அறுவடை முடிந்திருக்கும், ஜீப் போகும், நிதியாண்டு முடிவதற்குள் பயணச் செலவைக் காட்ட வேண்டும். செயற்கைக்கோள் படத்துக்கும் அதே கதி. மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிடும் என்று மேகமில்லாத மாதத்துப் படத்தையே எடுத்துக்கொள்வார்கள். "இந்த நாட்டோட நிலமெல்லாம் மழையில எப்படி இருக்கும்னு ஆபீசுக்குத் தெரியாதுடா" என்றாள். பிறகு சிரித்தாள். "நாம மட்டும்? மே மாசத்துலதானே இந்த மனையைப் பாத்தோம். நானே குனிஞ்சு மண்ணை எடுத்து, பிரமாதம்னேன்."

அது களி என்று அவள் விரலுக்குத் தெரிந்தும்தான் வாங்கினோம். விலை எங்களுக்கு எட்டுவதாக இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு கார்த்திகையிலும் தண்ணீர் வாசற்படி வரை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகிறது.

குழு கணினித் திரையில்தான் கூடியது. ஆவணியில் நடந்த கூட்டத்தில் அக்காவின் முறை வந்தது. பேச்சு ஆங்கிலத்தில், நான் தமிழில் தருகிறேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, தயாரித்துவைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். தலைவர் காதருகே கையை வைத்தார். "மேடம், நீங்க ம்யூட்ல இருக்கீங்க."

அவள் ம்யூட்டில் இல்லை. நோய் அவள் விரல்களிலிருந்து தொண்டைக்கு வந்திருந்தது. தினமும் பக்கத்தில் இருந்ததால் நான் அவள் வாயசைவையே கேட்டுப் பழகியிருந்தேன் போலிருக்கிறது. மறுபடி முயன்றாள். "மேடம், ம்யூட்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல உரக்கத் திருப்பிச் சொன்னேன். அந்த வாக்கியத்தையும் சொன்னேன். மாதிரி ஆய்வு இடங்களில் ஒன்றாக எங்கள் பின்புறத்துத் துண்டு நிலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், மழையில் வந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"அருமையான கருத்து மேடம்" என்றார் தலைவர். "நவம்பர்ல வர்றோம். நீங்களே கூட்டிட்டுப் போய்க் காட்டணும்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அக்கா, "ஒரு நிலம் தப்பிச்சுதுடா" என்றாள். அந்தக் கம்மிய குரல் எனக்கு அன்று நன்றாகவே கேட்டது.

நவம்பரில் மழை தாமதிக்கவில்லை. வருவதாகச் சொன்ன செவ்வாய்க்கிழமை காலை அக்கா பழைய பணிக்காலத்துக் காதிப் புடவையைக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ரெயின்கோட். அந்தத் துண்டு நிலத்தில் தண்ணீர் தளும்பி நின்றது. அதிகாலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தேன். நத்தைகொத்தி நாரைகள் வந்திருந்தன. பால்காரம்மா எருமைகளை மேட்டில் கட்டிவிட்டு, "பெரிய ஆபீசருங்க வராங்களாமே, டீ போடட்டா?" என்று கேட்டிருந்தார்.

பத்து மணிக்கு மேல் குழுவின் சென்னை ஒருங்கிணைப்பாளர் அழைத்தார். நல்ல மனிதர், ஐம்பது வயதிருக்கும். "சார், வேளச்சேரி ரோடு ஃபுல்லா தண்ணி. வண்டி போகாதுங்கிறான் டிரைவர். மழை விட்டதும் கண்டிப்பா வர்றோம்."

அக்காவிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. ரெயின்கோட்டை நான்காக மடித்தாள். விரல்கள் ஒத்துழைக்காததால் அதற்கு வெகுநேரம் ஆயிற்று. நான் உதவப் போனபோது தலையசைத்து மறுத்தாள். மடித்து முடித்ததும் ஏதோ சொன்னாள். குனிந்து கேட்டேன். "தண்ணி இருக்கிறதாலதான்டா வரச் சொன்னேன்."

அந்த மார்கழியில் அவளால் விழுங்க முடியாமல் போயிற்று. பொங்கல் கழிந்த வாரம், ஞாயிறு ஆராதனைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தபோது போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்தில் குழியோரம் குவித்திருந்தது செம்மண்ணும் சரளையும். போதகர் ஜெபித்துக்கொண்டிருக்கையில் நான் ஒரு சிட்டிகை எடுத்து, பன்னீரில் நனைந்திருந்த விரல்களுக்கு நடுவில் அழுத்திப் பார்த்தேன். நாடா வரவில்லை, உதிர்ந்தது. தண்ணீர் தேங்காத மண். அதில் ஆறுதல் கொள்ள ஏதோ இருப்பதாக அன்று நினைத்தேன், இன்று தெரியவில்லை.

குழு மே மாதத்தில் வந்தது.

முன்கூட்டிச் சொல்லவில்லை. நிலத்தில் நின்றுகொண்டுதான் ஒருங்கிணைப்பாளர் அழைத்தார். குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வெள்ளை வண்டிகள் நடுநிலத்திலேயே நின்றன. களி, கை நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. ஆட்டத்தை நிறுத்திய பையன்கள் ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். தலைவர் என் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். பிறகு எல்லோரும் வெயிலில் தொப்பியைக் கழற்றிவிட்டு அக்காவுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். அவர்கள் மனதாரத்தான் நின்றார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

"எக்ஸலன்ட் லேண்ட் சார்" என்றார் ஒருங்கிணைப்பாளர். "சமமா இருக்கு. ஒரு ஆக்கிரமிப்பு கிடையாது. சிட்டிக்குப் பக்கத்துல இப்படி ஒரு எடமா!"

ஓரத்திலிருந்த மின்கம்பத்துக்கு அவரை அழைத்துப் போய், அதில் என் இடுப்பு உயரத்துக்கும் மேலே படிந்திருந்த பாசிக்கறையைக் காட்டினேன்.

"வெள்ளம் வந்த வருஷத்துதா சார்?"

"எல்லா வருஷமும்."

அவர் அதையும் படம் எடுத்துக்கொண்டார்.

கொள்கை வெளிவந்தபோது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். அக்காவின் வாக்கியம் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் 'இயன்றவரை' என்ற சொல் வந்து உட்கார்ந்திருந்தது. 'கூடாது' என்பது 'கருத்தில் கொள்ளலாம்' என்றாகியிருந்தது. நன்றியுரையில் அவள் பெயரை எழுத்துப் பிழையின்றிப் போட்டிருந்தார்கள். அடுத்து, கொள்கையை முதலில் எங்கே செயல்படுத்திப் பார்ப்பது என்ற கேள்வி வந்தபோது மாதிரி ஆய்வு இடங்களையே தேர்ந்தெடுத்தார்கள். அவைதான் அளக்கப்பட்டுத் தயாராக இருந்தன. அக்கா சொல்லியிருக்காவிட்டால் எங்கள் துண்டு நிலம் எந்தப் பட்டியலிலும் வந்திருக்காது. தப்பிக்க வைக்க வேண்டும் என்றுதான் அவள் அதைச் சுட்டிக்காட்டினாள். அவள் சுட்டிய விரலைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள்.

ஆடியில் வேங்கைக் கன்றுகளும் மகிழங்கன்றுகளும் வந்தன. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து நடச் செய்தார்கள். சுற்றிலும் கம்பிவேலி. பால்காரம்மா வாயிற்கதவின் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மரம் வெக்க வேற எடமே கெடக்கலியா சார் இவுனுங்களுக்கு? பம்மல் பக்கம் தோலு கம்பெனி மூடிக் கெடக்குதே, அங்க போய் வெக்கிறது. எம்மா எடம் சும்மா கீது."



"மண்ணு மேடம் நல்லதுக்குதான் சொல்லியிருப்பாங்க" என்று அவராகவே முடித்துக்கொண்டார். அந்தப் பெருந்தன்மை எனக்குத் தாங்கவில்லை. புரட்டாசிக்குள் கறவை நின்ற எருமைகளை ஊரப்பாக்கத்துக்கு அப்பால் இருந்த உறவினர் வீட்டுக்கு ஓட்டிவிட்டார். இரண்டை மட்டும் வைத்துக்கொண்டார்.

ஐப்பசியில், வழக்கம் தவறாமல், தண்ணீர் வந்தது. முதலில் குழிகள் நிறைந்தன. பிறகு கன்றுகளைத் தாங்கிய மூங்கில் குச்சிகளின் நுனிகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. பிறகு அவையும் இல்லை. வேலியில் பிளாஸ்டிக்கும் ஆகாயத்தாமரையும் சிக்கி அடைத்துக்கொண்டதால், மற்ற ஆண்டுகளில் சதுப்புக்குள் வடியும் நீர் காலனிப் பக்கம் திரும்பியது. எங்கள் வாசற்படி மூழ்கியது.

குடையோடு போய் வேலியருகே நின்று ஒருங்கிணைப்பாளரை அழைத்தேன். இப்போதே கிளம்பி வாருங்கள், இப்போது பார்த்தால் போதும், விளக்கமே தேவையில்லை என்றேன். குரலை உயர்த்தித்தான் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மேடத்தை நினைக்காத நாளில்லை என்றார். மழை விட்டதும் முதல் வேலையாக வருவதாகச் சொன்னார்.

பால்காரம்மா இரண்டு எருமைகளையும் வேலியை ஒட்டிய தார்ச்சாலையில் நிறுத்தி வைத்திருந்தார். அவை கழுத்தை நீட்டிக் கம்பிக்கு அப்பால் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இன்னா சார் சொல்றாங்க?"

"மழை விட்டதும் வராங்களாம்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மழ வுட்டா இங்க இன்னா கீது பாக்க?" என்று சொல்லிவிட்டு, எருமைகளின் முதுகில் தட்டி, சாலையோடு ஓட்டிக்கொண்டு போனார். எதிரே வந்த ஷேர் ஆட்டோக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். அவை ஒதுங்கவில்லை. ஒதுங்குவதற்கு ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் வீடுகள்.