ஆடியில் கிடைத்த கேமரா

எங்கள் குறும்படத்துக்கு இணையத்தில் நிதி திரட்டும் பக்கத்தைத் தொடங்கியபோது, என்னென்ன தேவை என்பதைச் சுருக்கமாக எழுதினேன்: கேமரா வாடகை, விளக்குகள், ஒலிப்பதிவு, சாப்பாடு. வார நாள்களில் எனக்கு நாளிதழ் ஒன்றில் துணையாசிரியர் வேலை. படவேலை விடுப்பு நாள்களில் மட்டும். முதல் வாரம் பணம் நன்றாக வந்தது. அலுவலகத்தில் உள்ளவர்கள், கூடப் படித்தவர்கள், பாசிர் ரிஸில் இருக்கும் சித்தியின் யோகா வகுப்புத் தோழிகள் என்று தெரிந்த வட்டமெல்லாம் கொடுத்தது. அந்த வட்டம் முடிந்ததும் பணமும் நின்றது. சாப்பாட்டுக்கும் ஒலிப்பதிவாளருக்கும் போதுமான அளவு சேர்ந்திருந்தது. கேமராவுக்குச் சேரவில்லை.

பக்கத்தில் ஒரு வரியைச் சேர்த்தேன்: பணம் தர இயலாதவர்கள் பொருளை இரவலாகத் தரலாம். இதற்கு வந்த பதில்கள் பலவிதம். ஒருவர் முக்காலி தந்தார். எங்கள் தேவாலயப் பாடகர் குழு மைக் தாங்கிகளைத் தந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்மணி பெரிய ரைஸ் குக்கர் ஒன்றைத் தர முன்வந்தார்; நன்றி சொல்லி வாங்கிக்கொண்டோம். பிறகு தேக்கா கடைத்தெருவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. துணிக்கடை ஒன்றின் மாடியில் கல்யாண வீடியோ நிலையம் வைத்திருப்பவர் பேசினார்.

“தங்கச்சி, காசு கேட்டா நான் ஆளே இல்ல லா. ஆனா ஆடி பொறந்துட்டா என் கேமரா ஒரு மாசம் சும்மா தூங்குது. எடுத்துட்டுப் போங்க. ஆவணிக்கு என் கைக்கு வந்துரணும்.”

“வாடகை எவ்வளவுண்ணே?”

“படம் முடிஞ்சதும் பேரு ஓடும்ல, அதுல என் கடை பேரைப் பெருசா போடுங்க. எழுத்து சின்னதா இருந்துச்சுன்னா, கேமராவைத் திருப்பி வாங்கிருவேன்.”

“அப்போதான் படமே முடிஞ்சிருக்குமே.”

“அப்ப ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிட்டுப் போயிருவேன்.”

படப்பிடிப்பு முழுவதையும் ஆடி மாதத்து வார இறுதிகளுக்கு மாற்றினோம். கல்யாணங்கள் நடக்காத மாதம்தான். ஆனால் அமைதியான மாதம் அல்ல. சிராங்கூன் சாலையில் நாங்கள் எடுத்த காட்சிகளுக்குள் கோயில் மேளம் புகுந்தது. சனிக்கிழமைகளில் தேசிய தின ஒத்திகை விமானங்கள் பறந்தன. ஒவ்வொரு முறையும் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வானம் அடங்கும்வரை காத்திருந்தார்.

வீட்டை விற்றுவிட்டு, வாங்கியவரிடம் சாவியை ஒப்படைக்கும் ஒரு முதியவரின் ஒருநாள் கதை அது. முதியவராக நடித்தவர் ஓய்வுபெற்ற தொழில்நுட்பர். படத்துக்காகத் தாடி வளர்த்திருந்தார். ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். தாடியோடு ஒரு புகைப்படம்கூட எடுக்கக்கூடாது என்று அவர் மனைவி தீர்மானமாக இருந்தார். “கடைசி சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் இது உங்க மூஞ்சி. அதுக்கப்புறம் எங்க மூஞ்சி” என்று எங்கள் முன்னாலேயே கணவரிடம் சொன்னார்.

ஆடியின் கடைசிச் சனிக்கிழமைக்கு முடிவுக் காட்சியை வைத்திருந்தோம். புக்கிட் பாத்தோக்கில் ஒரு நண்பரின் வீட்டில், சாவியை ஒப்படைக்கும் காட்சி. அது இல்லாவிட்டால் எங்களிடம் இருப்பவை துண்டுகள்தாம், படம் இல்லை. அடுத்த வாரம் தாடி இருக்காது, கேமரா கல்யாணங்களுக்குப் போய்விடும், கையிலிருந்த பணமும் தீர்ந்திருக்கும். கொடுத்தவர்களுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கவே நான் விரும்பவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை வீடியோ அண்ணன் அழைத்தார்.

“தங்கச்சி, ஒரு தப்பு நடந்துபோச்சு. சனிக்கிழமைக்கு ஒரு கல்யாணம் எடுத்துட்டேன்.”

“ஆடியிலயாண்ணே?”

“சர்ச் கல்யாணம். அவங்களுக்கு ஆடி ஏது, ஆவணி ஏது? போன் வந்துச்சு, சரின்னுட்டேன். அப்புறந்தான் கேமரா உங்ககிட்ட இருக்குறது ஞாபகம் வருது.” பிறகு என்னிடமே கேட்டார்: “நீங்களும் சர்ச் ஆளுதானே? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

சொல்லியிருக்கலாம்தான். என் பெற்றோரின் கல்யாணமே ஜூலை மாதக் கடைசியில் நடந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் ஆடிக்கு அஞ்சி யாரும் தேதியைத் தள்ளிவைப்பதில்லை. ஆனால் கேமரா கிடைத்த மகிழ்ச்சியில், ஊரில் யாருக்குமே அந்த மாதம் கல்யாணம் இல்லை என்று நானும் சேர்ந்து நம்பிவிட்டேன்.

வேறு கேமராவுக்கு அலைந்தேன். வாடகைக் கடைகள் முன்பணம் கேட்டன. ஒரு நண்பர் கைப்பேசியில் எடுக்கச் சொன்னார். மற்றக் காட்சிகளோடு அது ஒட்டாது. மறுநாள் அண்ணனை அழைத்து, கல்யாண நிகழ்ச்சி நிரல் முழுவதையும் சொல்லச் சொன்னேன். காலையில் தேவாலயத் திருப்பலி, இரவில் ஹோட்டல் விருந்து.

“நடுவுல?”

“நடுவுல சாப்புட்டுப் படுப்பாங்க. அஞ்சு மணிக்குப் பொண்ணு வீட்டுல அலங்காரம் எடுக்கணும். வீடு கிளமெண்டில.”

“அந்த நடுவுல கேமராவை எனக்குக் குடுப்பீங்களா?”

“அஞ்சு மணின்னா அஞ்சு மணி” என்றார்.

ஒரு முழு நாளுக்குத் திட்டமிட்ட காட்சி அரைப் பகலுக்குச் சுருங்க வேண்டும். நாளிதழ்ப் பக்கத்தில் கடைசி நேரத்தில் விளம்பரம் வந்து விழுந்தால் செய்தியை வெட்டுவது எங்கள் அன்றாட வேலை. எழுதியவரின் முகத்தை நினைக்காமல் வெட்ட வேண்டும். மதிய உணவு இடைவேளையில் உட்கார்ந்து அப்படியே வெட்டினேன். முதியவர் வீட்டைப் பற்றிப் பேசும் நீண்ட பேச்சு முழுவதும் போனது. சாவியைக் கொடுப்பதும், வாசலில் நிற்பதும், லிஃப்டை நோக்கி நடப்பதும் எஞ்சின.

புதிய தாள்களைப் பார்த்துவிட்டு நடிகர் கேட்டார்: “என் டயலாக்கெல்லாம் எங்கம்மா? வீட்டுல பேசிப் பேசி என் பெண்டாட்டிக்கே மனப்பாடம் ஆயிருச்சு.”

“சாவியக் குடுத்துட்டு நின்னா போதும், அங்கிள்.”

“நிக்கிறதுக்கா இவ்வளவு தாடி?”

சனிக்கிழமை காலை கேமராவை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு, தேவாலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மறையுரை நீண்டது. இல்லறத்தின் பொறுமையைப் பற்றிப் பாதிரியார் பொறுமையாகப் பேசினார். அவர் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று, ஒரு கத்தோலிக்கப் பெண் வேண்டக்கூடாத வேண்டுதல் ஒன்றை வேண்டினேன். பிறகு குடும்பப் படங்கள். மாப்பிள்ளையின் மாமாக்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள். கடைசி மாமா நகர்ந்ததும் அண்ணன் கேமராப் பையை என் கையில் திணித்தார். “ஓடுங்க.”

புக்கிட் பாத்தோக்கில் விளக்குகள் தயாராக இருந்தன. முதல் முறை எடுத்தபோது மேல்மாடியில் யாரோ சுவரைத் துளைத்தார்கள். இரண்டாம் முறை நடிகரின் பையில் கைப்பேசி ஒலித்தது. அவர் மனைவி. “எடுத்தாச்சா? பார்பர் கடைக்காரன் காத்துக்கிட்டு இருக்கான்.” மூன்றாம் முறை சாவி கை மாறியது. நடிகர் வாசலில் நின்றார். நான் வெட்டிய வசனம் ஒன்றுகூட அங்கே தேவைப்படவில்லை. அவர் லிஃப்டுக்குள் போனதும் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி, “கிளீன்” என்றார். எடுத்ததைத் திரையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் கிளமெண்டியில் பெண் வீட்டை அடைந்தேன். வாசல் முழுவதும் செருப்புகள். என் மெமரி கார்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு, கேமராவை அண்ணனிடம் நீட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், அலங்கார அறைக்குள் போய்விட்டார்.

நான் கிளம்பத் திரும்பியபோது பெண்ணின் அம்மா என்னை நிறுத்தினார்.

“வீடியோ எடுக்குறவங்கதானே? காலையிலருந்து நிக்கிறீங்க, சாப்பிட்டீங்களா?”

நான் வீடியோ எடுக்க வந்தவள் இல்லை என்று விளக்கத் தொடங்குவதற்குள், தட்டு என் கைக்கு வந்துவிட்டது. கோழிப் பிரியாணி, வெங்காயப் பச்சடி, ஓரத்தில் ஒரு துண்டு கேக். தாழ்வார நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன். அந்த மாதத்தில் முதல் முறையாக, கையில் இருப்பது என்ன உணவு என்று தெரிந்து சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் குறைவு. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.