ஏழு கையும் உயர்ந்தபோது

செருப்புத் தைக்கும் கடையை நாற்பது பேர் உட்காரும் சைவ ஓட்டலாக மாற்றியவன் நான். ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். நியூ ஜெர்சிக்கு ஒரு பணக்காரர் வீட்டுச் சமையல்காரனாக வந்து, அங்கேயே முதலாளியானவன். மாவு புளிப்பது என்றால் என்னவென்று தெரியாத ஹெல்த் இன்ஸ்பெக்டர் இரண்டு முறை அண்டா மாவைக் கொட்ட வைத்தார். மூன்றாம் முறை அவரை உட்கார வைத்து அதே மாவில் இட்லி ஊற்றிக் கொடுத்தேன். அதன்பிறகு மாதம் ஒருமுறை குடும்பத்தோடு வந்தார். அங்கே நம்மவர்கள் கட்டிய கோயிலின் மடப்பள்ளிக்குக் குழாய் போட்டதும் புகைபோக்கி வைத்ததும் என் கைதான். படித்தவர்கள் பிளான் வரைந்தார்கள், நான் சிங்க்குக்கு அடியில் படுத்தேன். இதையெல்லாம் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வார்கள்?

ஆனால் நான் கட்டியதிலேயே உறுதியான ஒன்று கண்ணுக்குத் தெரியாது. அது யூதர்களின் பழைய சட்டத்திலிருந்து வந்தது.

எண்பதுகளின் நடுவில் யூதர்களும் என் ஓட்டலுக்கு வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு அவர்கள் முறைப்படி எல்லாம் சுத்தம் என்று அவர்களுடைய மத குரு, ரபி என்பார்கள், ஒருவர் சான்று தரவேண்டும். சான்று தந்தால் போதாது. தினமும் காலையில் அவர் வந்துதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். யூதர் கை படாத நெருப்பில் வெந்ததை அவர்கள் தொடமாட்டார்கள். ரபி வருவார், பர்னரைப் பற்றவைப்பார், காலிஃபிளவரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் புழு பார்ப்பார். பிறகு மூலை மேசையில் மருந்துக்கடை நடத்தும் நண்பரோடு உட்கார்ந்து, கறுப்புக் காப்பியும் தடிப் புத்தகமுமாக ஒரு மணி நேரம் சண்டை போடுவார். சண்டை இல்லை, அது படிப்பு என்று எனக்குப் புரியவே ஒரு மாதம் ஆயிற்று. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து மறுத்து மறுத்துப் பேசித்தான் அவர்கள் படிப்பார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் படித்தது நீதிமன்றம் பற்றி. யார் சாட்சி சொல்லலாம், யாரைத் தண்டிக்கலாம், எப்படி. நான் காய் நறுக்கிக்கொண்டே காதைக் கொடுப்பேன்.

ஒரு திங்கட்கிழமை நானே போய் அவர்களிடம் பெருமை பேசினேன். முந்தைய நாள் கோயில் கமிட்டி, என்னையும் சேர்த்து ஏழு பேர், கூடியிருந்தது. மடப்பள்ளிச் சமையல்காரர் பொரித்த கோழி விற்கும் கடையிலிருந்து பையோடு வெளியே வந்ததை எங்கள் கமிட்டி இன்ஜினியர் காரில் போகும்போது பார்த்துவிட்டார். சுவாமிக்குப் படைப்பவர் இப்படிச் செய்யலாமா? வேலையிலிருந்து நீக்கினோம். விசா கோயில் வேலைக்காக எடுத்தது, வேலை போனால் அதுவும் போகும், அதனால் வெள்ளிக்கிழமை விமானத்தில் ஊருக்குப் போகவேண்டும். அப்படிப் போகிறவர் திரும்பி வரமுடியாது.

"பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டோம்" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். "ஏழுக்கு ஏழு."

ரபி கோப்பையைக் கீழே வைத்தார். "அவன் பக்கம் ஒருத்தர்கூடப் பேசவில்லையா?"

"ஒருத்தரும் இல்லை."

மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார். "அப்படியானால் எங்கள் பழைய கோர்ட்டில் அவன் தப்பித்திருப்பான்."

"அது எந்த ஊர் நியாயம்?"

"வெளியாட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் எங்களிடம் இல்லை" என்றார் ரபி. "நான் என் நண்பரிடம்தான் பேசுகிறேன். என் குரல் பெரிசு, அதற்கு நான் என்ன செய்ய?" பிறகு நண்பரைப் பார்த்து, என் காதுக்குக் கேட்கும்படி சொன்னார். உயிர் போகிற வழக்குக்கு இருபத்துமூன்று பேர் உட்காருவார்கள். இருபத்துமூன்று பேரும் ஒரே வாயாகக் குற்றவாளி என்றால் அவனை விட்டுவிட வேண்டும் என்று ஒரு ஆசிரியர் சொல்கிறார். அவன் பக்கத்திலிருந்து யாருமே பார்க்கவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? விடுவிப்பதானால் அன்றே விடலாம். தண்டிப்பதானால் மறுநாள்தான். முதலில் பேச வேண்டியது கடைசி வரிசையில் இருக்கிற சின்னவர்கள். பெரியவர் வாய் திறந்துவிட்டால் சின்னவருக்கு அதை மறுக்க நாக்கு எழாது.

"இது உயிர் போகிற வழக்கு இல்லையே, வேலைதானே" என்று மருந்துக்கடைக்காரர் மறுத்தார்.

"வெள்ளிக்கிழமை விமானத்தில் ஏறப்போகிறவனிடம் கேட்டுப் பார்" என்றார் ரபி. என் பக்கம் திரும்பினார். "உங்கள் கமிட்டியில் முதலில் பேசியது யார்?"

"தலைவர். இருதய டாக்டர்."

"அடுத்தது?"

நான் காலிஃபிளவரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அடுத்தது நான். "அனுப்பிடுங்க, இதுல யோசிக்க என்ன இருக்கு" என்று மேசையைத் தட்டியவன் நான்.

அன்றைக்கு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டேன். கோட்டு போடாமல் பார்க்கிங்குக்குப் போனேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். அடுப்பைப் பார்த்தால் ரபி கேட்ட கேள்வி எரிகிறது. டாக்டருக்குப் போன் போட்டேன்.

"டாக்டர், கமிட்டி இன்னொரு தடவை கூடணும்."

"எதுக்குங்க? எல்லாரும்தான் ஒத்துக்கிட்டாங்களே."

"அதான் தப்பு, டாக்டர். எல்லாரும் ஒத்துக்கிட்டதுதான்."

சிரித்தார். "நீங்க மாவு புளிச்சுதா இல்லையான்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். இதெல்லாம் ப்ரொசீஜர் சமாச்சாரம்."

"சரி. ஞாயித்துக்கிழமை பொங்கல் ஃபங்ஷனுக்கு இருநூறு பேருக்கு யார் சமைக்கறா?"

"நீங்கதானே?"

"கமிட்டி கூடினா நான்தான்."

புதன்கிழமை கூடியது. கோயில் ஹாலில் ஹீட்டர் சரியில்லை, எல்லோரும் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் தொண்டையைச் செருமினார். நான் எழுந்து, "இன்னிக்கு வயசுல சின்னவங்க முதல்ல பேசணும், டாக்டர் கடைசி" என்றேன். எங்களில் சின்னவள் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு நர்ஸ்; அமெரிக்கா வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவள் டாக்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு இன்ஜினியரைக் கேட்டாள்.

"அங்கிள், அந்தக் கடை வாசல்ல என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

"என்ன இருக்கு? கோழிப் படம் போட்ட போர்டு."

"பஸ் ஸ்டாப் அங்கிள்."

மற்ற ஆறு பேர் நாங்கள் எப்போதும் காரில் போகிறவர்கள். அந்த ஊரில் பஸ் ஓடுகிறது என்பதே எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"மணிக்கு ஒரு பஸ்தான்" என்றாள். "கார் வாங்கற வரைக்கும் நானும் ஸ்னோ டைம்ல அந்தக் கடைக்குள்ளதான் நின்னேன். சும்மா நின்னா வெளிய போகச் சொல்லுவாங்க. ஏதாவது வாங்கணும்."

"ஏம்மா, இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?" என்றார் டாக்டர்.

"நீங்க சொன்னீங்க, ஓட்டல் அங்கிள் மேசையைத் தட்டினாங்க. ஆறு கை மேல போனப்புறம் என் கையும் தானா போயிடுச்சு டாக்டர்."

சமையல்காரரை அழைத்தோம். ஞாயிற்றுக்கிழமை அவரை அழைக்கவேண்டும் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. பெட்டி கட்டிவிட்டுத்தான் வந்திருந்தார். பையில் என்ன இருந்தது என்று இன்ஜினியரே கேட்டார்.

"அவிச்ச சோளங்க. வேற என்ன அங்க நான் சாப்பிட முடியும்?"

"ஏன் இதை அப்பவே சொல்லலை?"

"யாரும் கேக்கலீங்களே."

அவர் போகவில்லை. அந்த மடப்பள்ளியில் பிறகு பல வருடம் சமைத்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது யார்? அதுவும் நான்தான், இரண்டு முறை குப்பைத் தொட்டியில் இடித்தார். அந்தக் கமிட்டிக்கு மூன்று விதி எழுதினோம்: யாரையும் நீக்குவதானால் சின்னவர் முதலில் பேசவேண்டும், சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் முடிவு கூடாது, முடிவும் அன்றைக்கே கூடாது. ரபியிடம் சொன்னபோது, "நான் உங்களுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டு, என்றைக்கும் இல்லாமல் இரண்டாவது காப்பி கேட்டார்.

இன்றைக்கும் ஒரு கூட்டத்தில் எல்லாத் தலையும் ஒன்றாக ஆடினால் என்னால் நாற்காலியில் உட்கார முடிவதில்லை. எழுந்து நடக்கிறேன். முதுகு வலி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போட்ட கோயில் ஆண்டுமலரில் அந்த மூன்று விதிகளும் டாக்டரின் தொலைநோக்கு என்று அச்சாகியிருக்கிறது. டாக்டர் நல்லவர், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அது அவருடைய நோக்கு இல்லை. என்னைச் சொல்லவேண்டாம் என்கிற பெருந்தன்மை எனக்குக் கிடையாது. அடுத்த மலரில் திருத்திப் போடுங்கள். முதலில் அந்த நர்ஸ் பெண்ணைப் போடுங்கள், அவள்தான் சின்னவள். பிறகு என் ஓட்டல் மூலை மேசையில் எதையும் சொல்லிக்கொடுக்காத அந்த இரண்டு பேரை. மேசையைத் தட்டியவன்தான் கூட்டத்தைத் திரும்பக் கூட்டியவனும் என்று கடைசியில் என்னைப் போடுங்கள். தட்டியதையும் சேர்த்தே போடுங்கள், விட்டுவிட வேண்டாம். ஆனால் போடுங்கள்.