எண்ணெய்க் கையும் டென்னிஸ் பெட்டியும்

வலது கையை நல்லெண்ணெய்க் கிண்ணத்தில் முக்கி, இடது கையிலும் பூசிக்கொண்டு, கல்யாணசுந்தரி பெட்டியின் முன்னால் உட்காருகிறாள். துடைப்பதில்லை. இரண்டு குமிழ்களையும் பிடித்துக் கால் மணி நேரம் திருகுகிறாள். டிவி திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஏறி இறங்குகின்றன. அவைதான் மட்டைகள். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி டொக், டொக்கென்று அடிபடுகிறது. அது பந்து. கோடு ஒரே ஒரு தடவை தயங்கி நின்றாலும் போதும், பெட்டியைக் குடல் வேறு கால் வேறாகப் பிரித்துப் போட்டுவிடுவாள்.

"சுத்தமான கையோட குத்தாலத்துல யாரு சார் வெளையாடுதா?" என்று, வேலையை வேடிக்கை பார்க்க அடிக்கடி வந்து உட்காரும் என்னிடம் கேட்டாள்.

தென்காசி ரயிலடிப் பக்கம் அவள் அண்ணன் வல்லிநாயகம் மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கடையின் பின்பாதி இவளுடையது. முப்பத்தைந்து வயது. விரல்களில் ஈயம் பற்றவைக்கும் கோல் சுட்ட தழும்புகள். திருநெல்வேலியில் ரேடியோ வேலை படித்தவள். நான்கு வருடத்துக்கு முன்னால், துபாயிலிருந்து வந்த ஒருவர் வீட்டில் டிவியில் மாட்டி ஆடும் டென்னிஸ் பெட்டியைக் காட்டி விளையாடச் சொன்னார்களாம். இவள் திருப்புளி கேட்டாளாம்.

அன்றிலிருந்து இதே பித்துதான். சென்னை ரிச்சி தெருவிலிருந்து மின்சில்லு பார்சலில் வரும். மற்றதெல்லாம் இவள் கைவேலை. மரப்பெட்டி, மஞ்சள் பெயின்டில் 'சாரல்' என்று பெயர். ஊருக்கு டிவி புதிது; வாங்கியவர்களுக்குப் பார்க்கத்தான் ஒன்றும் இல்லை. திருவனந்தபுரம் நிலையத்துப் படம் மலையைத் தாண்டி வருவதற்குள் நனைந்து நைந்துவிடுகிறது. அதனால் பெட்டி விற்றது.

விற்றால் போட்டி வராமல் இருக்குமா? குற்றாலம் ரோட்டில் ரேடியோ கடை வைத்திருக்கும் ஆறுமுகநயினார் 'ஜெட்' என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தார். அதே ரிச்சி தெரு, அதே சில்லு, சிவப்புப் பிளாஸ்டிக் உடம்பு. இவள் கால்பந்து ஆட்டம் சேர்த்தால் அவர் ஸ்குவாஷ் சேர்ப்பார். அவர் வயரை ஒரு முழம் நீட்டினால் இவள் இரண்டு முழம் நீட்டுவாள். இவள் பெட்டியை அவர் 'அஞ்சறைப் பெட்டி' என்பார். அவருடையதை இவள் 'சோப்பு டப்பா' என்பாள். இரண்டு பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு என்பது என் எண்ணம். வெளியே சொன்னதில்லை.

போன வருடம் சீசனில் ஐந்தருவி ரோட்டு லாட்ஜ் ஒன்றின் ஹாலில் 'சாரல்' இடம் பிடித்தது. அந்த இடம்தான் எல்லாம். மதுரைக்காரரும் மெட்ராஸ்காரரும் அங்கே ஆடிப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் எழுதிப் பெட்டி கேட்பார்கள். வருடம் முழுக்க வேலை ஓடும். ஆனால் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் சும்மா வருவதில்லையே. மசாஜுக்கு உட்கார்ந்து உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் பூசிக்கொண்டவர்கள், அருவிக்குப் போகிற வழியில் ஹாலில் நுழைந்து குமிழைப் பிடித்தார்கள். எண்ணெய் குமிழ்வழியே உள்ளே இறங்கியது. மூன்றாம் நாள் மட்டை திரையின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. அருவிக்கு இரண்டு கல் தொலைவில் பிறந்தவள், அத்தனை பெட்டியையும் கழுவித் துடைத்த கையால் சோதித்து அனுப்பியிருந்தாள்!

'ஜெட்' உள்ளே வந்தது. கூடவே நயினாரும் வந்தார், தோளில் பெரிய தேங்காய்ப்பூத் துண்டோடு. வருகிறவர்கள் கையையெல்லாம் தானே துடைத்துவிட்டு ஆடவிட்டார். சீசன் முழுக்க அவர் பெட்டி நிற்கவே இல்லை.

"பொட்டி ஜெயிக்கல சார். துண்டு ஜெயிச்சிட்டு," என்றாள். சொல்லும்போது குரல் உடைந்தது. அதை நான் கேட்காததுபோல் இருந்துகொண்டேன்.

வல்லிநாயகம் பொறுமைசாலிதான். ஆனாலும் சொல்லிவிட்டார்: "ஏட்டி, வாற சீசனோட சரி. அந்த எடம் கெடைக்கலைன்னா பொட்டி சோலியை மூட்ட கட்டிட்டு எங்கூட வந்து காயில் கட்டு."

எண்ணெய்க் கிண்ணம் மேசைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். எட்டு மாதம். பிளாஸ்டிக் குமிழ் வழுக்கியது. தகரக் குமிழும் வழுக்கியது. கடைசியில் அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு கடைகிறவரிடம் போய், மத்துத் தலைபோல வரிவரியாக வெட்டிய மரக்குமிழ் கடைந்து வாங்கிவந்தாள். அதன் அடியில் சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம். இருபத்தேழு வளையங்கள் வீணாயின. இருபத்தெட்டாவது எண்ணெயைத் தடுத்தது.

லாட்ஜ் மேனேஜர் சந்தானகிருஷ்ணன் நியாயஸ்தர். ஆடி மாதத்து முதல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரண்டு பெட்டிகளையும் ஹாலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நிற்காமல் ஓடுவதற்குத்தான் இடம். துண்டால் யார் கையையும் துடைத்துவிடக் கூடாது. பெட்டிக்காரர்கள் கிட்டவே வரக்கூடாது. நான் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நடுநிலைமை என்று பொய் சொல்லமாட்டேன்.

ஞாயிறு மத்தியானம் 'ஜெட்'டின் மட்டை அடியில் போய் ஒட்டிக்கொண்டது. 'சாரல்' ஓடிக்கொண்டே இருந்தது. தோளில் அதே துண்டோடு வாசலில் நின்ற நயினாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"முரட்டுக் கையெல்லாம் எம்பொட்டிக்கே வந்துட்டு. அங்கன என்னத்த கூட்டம்? ரெண்டு சின்னப் பிள்ளையதான் வெளையாடிச்சு," என்றார்.

கல்யாணசுந்தரி முற்றத்துக்குப் போய் மசாஜ்காரரின் எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிவந்தாள். இரண்டு கையையும் மணிக்கட்டு வரை முக்கினாள். கிண்ணத்தை நயினார் பக்கம் நீட்டினாள்.

"நீங்களும் முக்குங்க அண்ணாச்சி. எம்பொட்டில ஒரு ஆட்டம் ஆடுவோம்."

கூட்டம் கூடிவிட்டது. நயினார் முக்கினார். பதினைந்து பாயின்ட் ஆட்டம். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் திருகினார். நான்கைந்து பாயின்ட்டுக்குள் மனிதருக்கு ஆவேசம் வந்துவிட்டது. குமிழ் விட்டுக்கொடுக்கவில்லை, மட்டை அவர் நினைத்த இடத்தில் போய் நின்றது. இவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். பதினைந்துக்குப் பன்னிரண்டு, நயினார் ஜெயித்தார்.

"பாத்தியா தங்கச்சி!" என்று எழுந்தவர், எண்ணெய் சொட்டும் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு தாம் ஜெயித்த பெட்டியைப் பார்த்தார். மெல்ல மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"சாரல் இருக்கட்டும்," என்றார் மேனேஜர்.

கல்யாணசுந்தரி சிரிக்கவில்லை. நயினார் தோளைக் காட்டி, "அண்ணாச்சி, அந்தத் துண்டைக் கொஞ்சம் தாங்க," என்றாள். அவர் எடுத்துக் கொடுத்தார். விரல் விரலாக, நகக்கண் வரைக்கும் நிதானமாகத் துடைத்தாள். துண்டை நாலாக மடித்தாள். 'ஜெட்'டின் மேல் வைத்தாள்.