குலிஸாரின் முகவாய்

குலிஸாருக்கு மனிதத் தோல் என்றாலே குமட்டும். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஏனென்றால் அவளுக்குச் சோறு போடுவதே தோல்தான். துருக்கியின் பூர்சா நகரில் வெந்நீர் ஊற்று வரும் சரிவில், பெண்கள் குளியல்கூடத்தில், கல்யாணமான மறு வருஷத்திலிருந்து அவள் தேய்க்கிறாள். கையில் கெசே என்கிற முரட்டு உறையை மாட்டிக்கொண்டு, நீராவிக்கு நடுவே சூடான பளிங்குக் கல்லில் படுத்திருப்பவளைக் கழுத்திலிருந்து குதிகால்வரை தேய்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் திரிதிரியாக அழுக்கு உருண்டு வரும். அதைச் சும்மா கழுவி விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். ஒரு திரியை எடுத்துப் படுத்திருப்பவளின் மூக்குக்கு நேரே காட்ட வேண்டும். "அடியம்மா, இவ்வளவா!" என்று அவள் பூரித்துப்போவாள். தன் அழுக்கைப் பார்த்துத் தானே சந்தோஷப்படுகிற ஜனங்களை என்னவென்று சொல்வது!

குலிஸார் பார்க்காத கருமம் இல்லை. சீழ் கட்டிய முதுகு, பூஞ்சை பிடித்த இடுக்கு, பாதி பிடுங்கிப் பாதி விட்ட கால்முடி. வயிற்றைப் புரட்டிக்கொண்டு வரும். ஆனால் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, அவள் அதை முகத்தில் காட்டியது கிடையாது. மூக்கைச் சுளிக்காமல், கண்ணைத் திருப்பாமல், "நல்ல தோல் உங்களுக்கு, பட்டு மாதிரி" என்பாள். அதில்தான் அவளுக்குக் கர்வம்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் மாதவிலக்கு நிற்கிற வயதில் முகவாயில் முடி முளைத்தது. பூனைமுடி இல்லை, கறுப்பாக, தடிப்பாக, விரலில் குத்துகிற முடி. சாமணத்தை வைத்துப் பிடுங்கினாள். பிடுங்கப் பிடுங்க, சில முடிகள் வெளியே வர வழி தெரியாமல் தோலுக்கு உள்ளேயே சுருண்டுகொண்டன. அந்த இடம் சிவந்து, வீங்கி, பருத்துச் சீழ் கட்டும். அவள் நகத்தால் நசுக்குவாள். ஊசியால் கிளறுவாள். உள்ளே சுருண்டு கிடக்கிற முடி நூல் மாதிரி நீளமாக வரும்போது ஒரு நிம்மதி. அடுத்த நொடியே, தூ, இது என் முகத்துக்குள்ளா இருந்தது என்று உடம்பெல்லாம் கூசும். ஒவ்வொரு தோண்டலும் ஒரு கறுப்புப் புள்ளியை விட்டுவிட்டுப் போகும்.

வாராவாரம் வருகிறவர்களில் நெவின் ஹனிம் ஒருத்தி; ஹனிம் என்பது அங்கே 'அம்மா' மாதிரி மரியாதைக்குச் சேர்ப்பது. மருந்துக்கடைக்காரர் மனைவி. குளிக்க வருகிற இடத்துக்கே முகத்தில் பூச்சு பூசிக்கொண்டு வருகிற ரகம். உடம்பு முழுவதையும் தேய்க்கக் கொடுப்பாள், கழுத்துக்கு மேலே மட்டும் துண்டைச் சுற்றிக்கொண்டு, "முகம் வேணாம்" என்பாள். அன்றைக்குத் தோளைத் தேய்க்கக் குலிஸார் குனிந்தபோது அவள் கண்ணைத் திறந்து மேலே பார்த்துவிட்டாள்.

"சீ! என்னடி இது உன் மூஞ்சியில? ஒட்டிக்குமா?"

எந்த முகச்சுளிப்பைக் குலிஸார் வாழ்நாளெல்லாம் விழுங்கி வைத்திருந்தாளோ, அது தன் மேலேயே வந்து விழுந்தது. உதடு கோணி, மூக்கு சுருங்கி, முழுசாக. பக்கத்துக் கல்லில் படுத்திருந்தவளும் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

சாயங்காலமே முதலாளி முவல்லா ஹனிம் கூப்பிட்டுவிட்டாள். "குலிஸார், உன் கையைப் பத்தி யாரும் ஒரு குறை சொன்னதில்ல. ஆனா சீழ் வடியிற மூஞ்சியோட நீ குனிஞ்சா யாரு வந்து படுப்பா? பண்டிகைக்குள்ள சரி பண்ணிக்கோ. இல்லேன்னா துண்டு துவைக்கிற பக்கம் போயிடு."

துண்டு துவைக்கிற பக்கம்! கல்லை விட்டு இறங்கிய எவளும் மறுபடி கல்லேறியதில்லை. ஊர் அழுக்கைத் தேய்க்கலாம், ஊர் அழுக்குத் துண்டைத் துவைக்கவா?

துருக்கியில் தெருவுக்கு ஒரு ரொட்டிக்கடை இருக்கிறதோ இல்லையோ, முடியைச் சுட்டு எடுக்கிற லேசர் கடை ஒன்று இருக்கும். அவள் தெருமுனையிலேயே இருந்தது. உள்ளே சேர்பில் என்கிற சின்னப் பெண் இவள் முகவாயில் குளிர்ந்த களிம்பைத் தடவிக் கருவியை வைத்தாள். சுரீர் என்றது. வாட்டிய கோழித்தோல் நாற்றம் கிளம்பியது. தன்னுடைய நாற்றம்தான் என்று தெரிந்ததும் குலிஸாருக்குக் குமட்டலில் வாயில் எச்சில் ஊறி ஊறி வந்தது.

"அக்கா, நல்லாக் கேட்டுக்கோங்க," என்றாள் சேர்பில். "பிடுங்கக்கூடாது. சர்க்கரைப் பாகு போட்டு இழுக்கக்கூடாது. வேர் உள்ள இருந்தாத்தான் லேசர் அதைச் சுடும். கறுப்பைத் தோண்டாதீங்க, அது தானா ஆறும், மாசக்கணக்காகும். ரெண்டு நாளைக்கு ஆவி வேணாம். கெசே இந்தப் பக்கமே வரக்கூடாது."

"முடி நீண்டுச்சுன்னா?"

"ரேசர்ல வழிச்சுடுங்க."

"எதுல?"

"ரேசர்ல அக்கா."

"நான் என்ன ஆம்பளையா?" குலிஸார் படுக்கையிலிருந்து எழுந்தே விட்டாள். "முவல்லா ஹனிம் காதுல விழுந்தா சிரிப்பா சிரிப்பா! பொம்பளை மூஞ்சியில ரேசர் வச்சா கட்டை கட்டையா முளைக்கும்டி."

"அதெல்லாம் கட்டுக்கதை அக்கா."

குளியல்கூடத்தில் பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி எங்கெங்கேயோ முடி எடுக்கச் சர்க்கரைப் பாகை ஒட்டி இழுத்து விடுவார்கள், ஒளிவு மறைவே கிடையாது. ஆனால் முகத்தில் ரேசரா? செத்தாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். குலிஸார் "சரி சரி" என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வாரம் தாண்டவில்லை, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாமணத்தை எடுத்துவிட்டாள்.

அதோடு விட்டாளா? கறுப்புப் புள்ளிகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கை துறுதுறுத்தது. வாழ்நாளெல்லாம் அவள் கண்ட உண்மை ஒன்றுதான்: கறுப்பாக இருந்தால் அது அழுக்கு, அழுக்கென்றால் கெசேயால் தேய்த்தால் போகும். மறுநாளே, கூட்டம் கலைந்த பிறகு, வெந்நீர்த் தொட்டியோரம் உட்கார்ந்து, தன் முகவாயைத் தானே தேய்த்தாள். சாம்பல் திரி உருண்டு வந்தது. பார்த்தீர்களா, வருகிறதே! அவளும் பூரித்துப்போனாள். இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

காலையில் முகவாய் தோலுரிந்து கசிந்தது. பிறகு பொருக்கு கட்டியது. பொருக்கு உதிர்ந்தபோது அடியில் இருந்தது புள்ளிகள் இல்லை, காதோரத்திலிருந்து காதோரம்வரை கரியைத் தடவின மாதிரி ஒரே பட்டை. அதற்கு நடுவில் புதுச் சீழ்க்கட்டிகள் வேறு.

அடுத்த தடவை லேசருக்குப் போனபோது சேர்பில் வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள். "பிடுங்கினீங்களா?"

"இல்லையே."

"அக்கா, உள்ள வேரையே காணோம். நான் காத்தையா சுடுறது? இந்தப் புண்ணு எப்படி வந்துச்சு?"

குலிஸார் தரையைப் பார்த்தாள். "லேசாத்தான் தேய்ச்சேன்."

"அய்ய!" என்றாள் அந்தப் பெண். அவளும் மூக்கைச் சுளித்துவிட்டாள். "ரேசர் எடுக்கிறதா இருந்தா வாங்க. இல்லேன்னா வராதீங்க. என் பேரைக் கெடுக்காதீங்க."

வீட்டுக்கு வந்தவள் கணவன் ருஸ்தெமின் ரேசரை எடுத்தாள். அதன் பிளேடு இடுக்கில் அவன் மீசைத்துணுக்கும் காய்ந்த சோப்பும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஓங்கரித்தாள். சத்தம் கேட்டு மினிபஸ் டிரைவர் ருஸ்தெம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான். மனைவி முகத்தில் நுரை. கையில் அவன் ரேசர்.

குலிஸார் பூமி பிளக்கக் காத்திருந்தாள்.

"அடியே, அது என்னுது," என்றான் அவன். "ச்சீ, கீழ வை."

அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு போனான், கடையிலிருந்து புதுசு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். அவள் பக்கத்தில் நின்று தன் கழுத்தைத் தூக்கிக் காட்டினான். அங்கேயும் சிவந்த புள்ளிகள். "எனக்கும் உள்ளுக்குள்ளதான் முளைக்குது, நீ பார்த்ததே இல்லையா? எதிர்த்து வழிக்காதே. மேலேர்ந்து கீழே, முடி போற போக்கிலேயே வழி. அழுத்தாதே." இத்தனை வருஷமாகப் பக்கத்தில் படுத்திருக்கிறவன் கழுத்தை அவள் பார்த்ததேயில்லை. தோல் என்றாலே கண்ணைத் தாழ்த்திப் பழகிப்போனவள்.

அன்றிலிருந்து சாமணம் குப்பைக்குப் போயிற்று. கட்டிகள் ஒவ்வொன்றாக வற்றின. லேசர் மறுபடி வைத்தபோது வேர்கள் கருகின. ஆனால் அந்தக் கறுப்பு அவ்வளவு சீக்கிரம் போகிறதா என்ன! பண்டிகை நெருங்கிவிட்டது, பட்டை அப்படியே இருந்தது. முவல்லா ஹனிம் ஒரு பார்வை பார்த்தாள், துவைக்கிற அறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

ஊரார் உடம்பு ஈரம் பட்ட துண்டுகள் மலையாகக் கிடந்தன. அந்தப் புளித்த நாற்றத்தில் குலிஸார் மூச்சைப் பிடித்துக்கொண்டு துவைத்தாள். இங்கே முகம் சுளிக்கலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. அதுதான் அவளை அழவைத்தது.

பண்டிகைக்கு முந்தின நாள் ஊரே குளிக்க வந்துவிட்டது. தேய்க்கிறவர்களில் ஒருத்திக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. முவல்லா ஹனிம் ஓடி வந்தாள். "குலிஸார், எழுந்திரு! வாயில துணியைக் கட்டிக்கிட்டு வா."

கட்டிக்கொண்டு போனாள். கல்லில் படுத்திருந்தது வேறு யார், நெவின் ஹனிம்தான். ஆவியில் துணி நனைந்து, மூக்கில் ஒட்டி, மூச்சு முட்டியது. குலிஸார் அதை இழுத்து எறிந்தாள்.

"அய்யய்ய! மறுபடியும் இவளா?" நெவின் எழுந்து உட்கார்ந்தாள். "முன்னைவிடக் கேவலமா இருக்கே! நான் ஒட்டிக்குமான்னு அன்னிக்கே கேட்டேன், பதில் சொன்னாளா?"

தொட்டிகளோரம் இருந்த அத்தனை பெண்களும் திரும்பினார்கள். குலிஸார் இடுப்புத் துண்டு முடிச்சிலிருந்து தன் ரேசரை எடுத்தாள். அன்று காலையில் வழிக்க நேரமில்லாமல் அங்கேதான் செருகி வைத்திருந்தாள். பளிங்குத் தொட்டியோரம் உட்கார்ந்தாள். சோப்பைக் குழைத்து முகவாயில் நுரை பூசினாள். எல்லோரும் பார்க்க, அவசரப்படாமல், மேலிருந்து கீழாக வழித்தாள். கழுவினாள். துடைத்தாள்.

"ஒட்டாது," என்றாள். "முடி. உள்ளுக்குள்ள முளைச்ச முடி. கறுப்பு வந்தது நான் பண்ணின முட்டாள்தனத்துல. இப்ப படுக்கிறதுன்னா படுங்க, இல்லேன்னா கல்லைக் காலி பண்ணுங்க, பின்னால ஆள் நிக்குது."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. நெவின் எழுந்து போவாள் என்று முவல்லா ஹனிம் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். நெவின் போகவில்லை. படுத்தாள். துண்டை வழக்கம்போல முகத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். குலிஸார் தேய்த்தாள். திரி வந்தது. இந்தத் தடவை எடுத்துக் காட்டவில்லை.

முடிந்து தண்ணீர் ஊற்றுகிற சமயம், தொட்டிச் சத்தத்துக்கு நடுவே, நெவின் துண்டைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். ஆவியில் பூச்சு வழிந்து போயிருந்தது. அடியில், தோண்டித் தோண்டிக் கறுத்து, சீழும் பொருக்குமாக ஒரு முகவாய். குலிஸாருடையதைவிட மோசம். குலிஸாருக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. முகத்தில் காட்டவில்லை.

"எந்தப் பக்கமா வழிக்கணும்?" என்று கேட்டாள் நெவின், உதடு அசையாமல்.

"மேலேர்ந்து கீழே," என்றாள் குலிஸார். "ரேசர் உங்களுக்குன்னு தனியா வாங்கிக்கோங்க. என்னோடதைக் கேட்டுராதீங்க, கருமம்."

நெவின் துண்டை மறுபடி ஏற்றிக்கொண்டாள். வாசல் பக்கம் போனவள் முவல்லா ஹனிமிடம், "அடுத்த வாரமும் எனக்கு இவளையே போடுங்க," என்றாள். குலிஸார் அதற்குள் அடுத்தவள் முதுகில் தண்ணீரை ஊற்றிவிட்டிருந்தாள். முதுகு முழுக்கப் பரு.

"நல்ல தோல் உங்களுக்கு," என்றாள் அவள், கெசேயை மாட்டிக்கொண்டே.