வெளிறாத சிவப்பு

என் மனைவியின் உடம்பில் அந்தச் சிவப்பை முதலில் கண்டவன் நான்தான். காலையில் உடம்பு துடைத்துவிடும்போது, வால் எலும்பு முடிகிற இடத்தில், ஒரு பெரிய சட்டைத் தெறியளவில் தெரிந்தது. நுளம்பு கடித்திருக்கும் என்று தேங்காய் எண்ணெய் பூசி நன்றாகத் தேய்த்துவிட்டேன்.

அவளுக்குப் பாரிசவாதம் வந்து ஆறாவது கிழமை அது. எழுபத்திரண்டு வயது, நீரிழிவும் இருந்தது. வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் மெல்லத் திரும்பியிருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில். சீனன்குடாவில் களஞ்சியக்காரனாக இருந்து ஓய்வு பெற்ற நான்தான் அவளுக்கு எல்லாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. முன்னறை யன்னலால் உட்துறைமுகம் தெரியும், ஆனால் படுத்தபடி பார்க்க முடியாது. அதனால் முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை அடுக்கி அவளை இருத்திவிடுவேன். காலை தொடக்கம் மத்தியானம் வரை கப்பல் பார்ப்பாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வழுகி வருவாள். நான் அக்குளுக்குள் கை கொடுத்து மேலே இழுத்துவிடுவேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. அந்த நாட்களில் நான் செய்த நல்ல காரியம் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

நாலு நாளில் சிவப்பு நாவல்பழ நிறமாயிற்று. பிறகு நடுவில் தோல் உரிந்து ஈரம் கசிந்தது. பவுடர் போட்டேன். “எனக்கு அதிலை ஒண்டும் நோகேல்லை, விடுங்கோ” என்றாள். அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன். அடுத்த கிழமை அந்த இடத்தில் கறுப்பாக, தடிப்பாக ஒரு பொருக்குக் கட்டியது. புண் காய்ந்துவிட்டது என்று மகளுக்குப் போனில் சொன்னேன்.

அதன் பிறகுதான் மணம் வந்தது. குசினிக் குப்பை வாளி என்று நினைத்துக் கழுவினேன். துறைமுகப் பக்கத்துக் காற்று என்று நினைத்து யன்னலைச் சாத்தினேன். சாத்திய அறைக்குள் மணம் கூடியது.

எங்கள் பகுதிக்கு வீடு வீடாக வருகிற நேர்ஸ் கிண்ணியாவைச் சேர்ந்தவர். அன்று பிரஷர் பார்க்க வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு பையைத் திறந்து கையுறை எடுத்தார். பிரஷர் பார்க்கும் கருவி பைக்குள்ளேயே கிடந்தது. மனைவியைப் பக்கம் திருப்பி, கறுப்பின் ஓரத்தை ஒரு விரலால் மெல்ல அழுத்தினார். தோலுக்குக் கீழே ஏதோ தளும்பியது.

“ஐயா, இது காயேல்ல. இது மேல கிடக்கிற மூடி மட்டும்தான். கீழ எவ்வளவு பெரிசெண்டு எனக்கே தெரியாது.”

தலையணைகளைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் விசாரித்தார். வழுகும்போது எலும்பு கீழே இழுபட, தோல் படுக்கையோடு ஒட்டி நிற்க, நடுவிலுள்ள சதைக்கு இரத்தம் போகாமல் அது செத்துப்போகும் என்றார். சிவப்பை அழுத்தினால் ஒரு கணம் வெளிற வேண்டும். வெளிறாவிட்டால் அப்போதே சேதம் தொடங்கிவிட்டது, அதைத் தேய்க்கவே கூடாது. அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இருக்கவில்லை. நான் என் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மனைவியின் வறண்ட நாக்கைப் பார்த்து, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் சுவரைப் பார்த்தாள்.

“நான்தான் குறைச்சுப்போட்டன். சாப்பாட்டையும்தான். குடிச்சா நனையும். நனைஞ்சா இவர்தானே துடைக்கோணும்.”

நாற்பத்தாறு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் அது எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். வீட்டில் நான்தான் மருந்து கட்ட வேண்டும் என்பதால் டொக்டர் கூப்பிட்டுக் காட்டினார். என் கைமுஷ்டி போகிற அளவு குழி. அடியில் வெள்ளையாக எலும்பு.

வீட்டுக்கு வந்ததும் காற்று மெத்தை வாங்கினோம். இருத்தி வைப்பதை நிறுத்தினேன். சற்றே சரித்துத் தலையணை முட்டுக்கொடுத்து, குதிக்கால்கள் படுக்கையில் படாமல் வைத்தேன். முட்டை, மீன், பருப்பு. புண்ணை உப்புத் தண்ணீரால் கழுவி, நேர்ஸ் காட்டித் தந்தபடி மருந்துத் துணி வைத்தேன். கரண்ட் போனால் மெத்தை மோட்டாரின் இரைச்சல் நின்றுவிடும். காற்று இறங்க முதல் அவளைப் புரட்ட ஓடுவேன்.

நாலு மாதத்தில் புண்ணின் வாய் ஒரு நகத்தளவாகச் சுருங்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் நேர்ஸ் அளவுகுச்சியை உள்ளே விட்டபோது, போன கிழமையைவிட ஆழமாக இறங்கியது. இன்னொரு தடவை விட்டுப் பார்த்தார். அடியில் சதை வளர முதல் மேலே வாய் மூடுகிறது என்று வெளியே வந்து சொன்னார்.

“சின்னனாகிட்டுதோ?” என்று மனைவி கேட்டாள்.

“ஓம்” என்றேன்.

அடுத்த நாள் காலை காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மூடிய இடத்தை மறுபடி வெட்டித் திறந்து, சீழை எடுத்தார்கள். எலும்பிலும் தொற்று இருக்கலாம் என்று கிழமைக்கணக்காக ஊசி போட்டார்கள்.

சீழ் எடுத்த அன்று பின்னேரம், ஆஸ்பத்திரி வாட்டில் கண் திறந்தபோது அவள் என் கையைப் பிடித்தாள்.

“இனி எனக்குப் பொய் சொல்லாதேங்கோ. அந்த இடம் எனக்குத் தெரியவும் தெரியாது, நோகவும் நோகாது. நீங்கள் சொன்னாத்தான் உண்டு.”

இப்போது ஒவ்வொரு நாளும் கட்டு மாற்றியதும் நிறத்தையும், மணத்தையும், ஆழத்தையும் அவளுக்குச் சொல்கிறேன். நேற்று ஒரு விரல் மூட்டு ஆழம். இன்றைக்கும் அதே ஆழம்தான் என்றேன். அவள் தலையாட்டினாள்.