முப்பது மூக்குகளும் மூன்று வெறும் போத்தல்களும்

லூயிஷாமில் ஒரு மண்டபத்தில், ஒரு ஞாயிறு மதியம், ஐரிஷ் விஸ்கியைப் பற்றி முப்பது பேருக்கு விளக்கம் சொல்ல ஒத்துக்கொண்டேன். கேட்க வந்தவர்கள் யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றின் பழைய மாணவர் சங்கத்தினர். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதோடு குடிப்பதும் இல்லை.

முன்பு குடித்தேன். ஜெர்மனியில் அகதி முகாமில் கழித்த ஒரு குளிர்காலத்தில் வேறு வேலை இருக்கவில்லை. வயிறு புண்ணாகி மூன்று கிழமை ஆசுபத்திரியில் கிடந்தேன். வெளியே வந்த அன்றே விட்டுவிட்டேன். பிறகு அயர்லாந்துக்குப் போய், அங்கே தங்க அனுமதி கிடைத்து, வேலை தேடினேன். கிடைத்த முதல் வேலை ஒரு பழைய விஸ்கி வடிசாலையில். கடவுளுக்கும் பகிடி தெரியும்.

முதலில் தானியக் கிடங்கைக் கூட்டினேன். பிறகு பார்லிக் கஞ்சி புளிக்கும் பெரிய தொட்டிகளுக்குள் இறங்கிக் கழுவினேன். கடைசி இரண்டு வருடம் பீப்பாய் உருட்டினேன். சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு வழிகாட்டி சொல்வதை நாளுக்கு ஐந்து தரம் கேட்டுக்கொண்டே கூட்டியதில் எனக்கு எல்லாம் பாடமாகிவிட்டது. அவர் நடுவில் தும்மினால் விட்ட இடத்திலிருந்து நான் தொடர்ந்திருப்பேன்.

ஆறு வருடத்தில் எனக்கு அந்த ஊரும் அலுத்தது. ஐரிஷ் கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் லண்டனுக்கு வந்தேன். நோர்பரியில் அக்கா வீட்டில் ஒரு மாதம், பிறகு சவுத்தாலில் ஓர் அறை. கிழமையில் ஐந்து நாள் பார்சல் கிடங்கில் விடியற்காலை ஷிப்ட். சனிக்கிழமைகளில் நகர் நடுவே ஒரு விஸ்கிக் கடையின் நிலவறையில் பெட்டி அடுக்கும் வேலை. ஐம்பதைத் தாண்டிய முதுகு பார்சல்களை இனித் தூக்க மறுத்தது. கடையின் மேல்மாடியில் விஸ்கி சுவைக்கும் கூட்டங்களை நடத்த ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அந்த வேலையை எனக்குத் தரும்படி முதலாளி அம்மாவிடம் கேட்டேன். அவர் வெள்ளைக்காரி, அதிகம் பேசமாட்டார். மூன்று போத்தல்களை எடுத்து மேசையில் வைத்தார். “முப்பது பேரைச் சேர்த்து நடத்திக் காட்டு. முடிகிற நேரம் வந்து பார்ப்பேன். சரியென்றால் முழுநேர வேலை. இல்லாவிட்டால் பெட்டிதான்.”

சங்கத்தின் செயலாளர் அக்கா வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர். அவர்களுடைய விளையாட்டு விழா நிதிக் கூட்டத்தில் எனக்கு ஒரு மணி நேரம் தந்தார். போன உடனே போத்தல்களை மேடை மேசையில் வைத்துவிட்டு, கடையில் தந்த சின்னக் கிளாஸ்களைத் துடைக்கச் சமையலறைக்குப் போனேன். பத்து நிமிடமிருக்கும். திரும்பி வந்தபோது செயலாளரின் மைத்துனர் சிரித்தபடி எதிரே வந்தார்.

“அண்ணை, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. எல்லாம் ஊத்தி முடிஞ்சுது.”

“என்ன ஊத்தி முடிஞ்சுது?”

“மூண்டு போத்தலும்தான். ஆளுக்கொரு பெரிய பெக். கோலாவும் ஐசும் போட்டுக் குடுத்தாச்சு. நீங்கள் தனிய நிண்டு கஷ்டப்படுவியள் எண்டு நானே செய்திட்டன்.”

முப்பது பேரின் கையிலும் உயரமான கறுப்புக் கிளாஸ். மேசைகளில் மட்டன் ரோல்ஸ். எங்கள் கொண்டாட்டங்களில் வந்தவர் வெறுங்கையோடு இருந்தால் அது வீட்டுக்காரருக்கு அவமானம். அந்த மனிதர் எனக்கு உதவிதான் செய்திருந்தார். அவரைக் கோபிக்கவும் ஏலாமல், சிரிக்கவும் ஏலாமல் மேடையில் ஏறினேன். முதலாளி அம்மா வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

முன்வரிசையில் ஒரு கணக்காளர், பெரிய உடம்பு, பெரிய குரல். “அண்ணை எந்தப் பள்ளிக்கூடம்?”

“எட்டாம் வகுப்போடை விட்டிட்டன். மிச்சம் அயர்லாந்திலை, வடிசாலையிலை.”

“அங்கை என்ன வகுப்பு?”

“கூட்டுற வகுப்பு.”

சிரிப்பு அடங்கும் முன்பே பின்னாலிருந்து ஒருவர், “உங்கட கிளாஸ் எங்கை?” என்றார்.

“நான் குடிக்கிறேல்லை.”

“ஐயோ! அப்ப இது சைவக்காரன் வைச்ச ஆட்டுக்கறி!”

சிரிக்கிறவர்கள் கேட்பார்கள் என்று தைரியம் வந்தது. பையில் இரண்டு வகைப் பார்லி கொண்டுபோயிருந்தேன். வரிசை வரிசையாகக் கொடுத்து மெல்லச் சொன்னேன். ஒன்று முளைகட்டிக் காயவைத்தது, இனிக்கும். மற்றது பச்சை, முளைகட்டாமலே காய்ந்தது, பல்லுக்கு வேலை.

“கள்ளு எண்டால் பனை தானே இனிப்பைத் தருது. பார்லிக்குள்ளை இருக்கிறது மா. பயறு முளைக்க வைக்கிற மாதிரி முளைக்க வைச்சால்தான் அது இனிப்பா மாறும். முளை நீளமுன்னம் சூட்டிலை காயவைச்சு நிப்பாட்டி, அரைச்சு, சுடுதண்ணியிலை கரைச்சு, ஈஸ்ட் போட்டுப் புளிக்க விடுறது. பிறகு செப்புக் கெண்டியிலை மூண்டு தரம் வடிக்கிறது. ஸ்கொட்லாந்திலை பெரும்பாலும் இரண்டு தரம்தான். கடைசியா மரப் பீப்பாயிலை மூண்டு வருஷமாவது கிடக்கவேணும்.”

“பச்சைப் பார்லி என்னத்துக்கு?” என்றார் கணக்காளர். பல்லில் ஒட்டியதை நாக்கால் எடுத்துக்கொண்டிருந்தார்.

“அரசாங்கம் முளைகட்டினதுக்கு வரி போட்டது. அதாலை முளைகட்டாததையும் கலந்து காய்ச்சிப் பாத்தாங்கள். மிளகு மாதிரி ஒரு காரம் வந்தது. சனத்துக்குப் பிடிச்சுப்போச்சு.”

“வரிக்குச் சுத்தினதுதான் ருசியோ! அப்ப அவங்களும் எங்கட ஆக்கள்தான்.”

“பிறகேன் ஸ்கொட்ச் முன்னுக்கு வந்தது?” என்றார் செயலாளர்.

விடாமல் மலிவாக வடிக்கிற உயரமான புதிய கெண்டியைச் சீராக்கித் தந்தவரே அயர்லாந்தில் வரி அதிகாரியாக இருந்தவர்தான் என்றேன். டப்ளினின் பெரிய முதலாளிகள் அதை மதிக்கவில்லை, ஸ்கொட்லாந்துக்காரர் வாங்கிக்கொண்டார்கள். பிறகு அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தது, பிரிட்டிஷ் சந்தையும் கைவிட்டது, வடிசாலைகள் ஒவ்வொன்றாக மூடின. இப்போதுதான் மறுபடி திறக்கிறார்கள். நான் கூட்டிய இடமும் பல காலம் பூட்டிக் கிடந்து, உள்ளே புறா குடியிருந்ததுதான்.

சொல்ல வேண்டியதெல்லாம் முடிந்தது. சுவைக்கத்தான் எதுவும் இல்லை. மேசையில் மூன்று வெறும் போத்தல்கள் நின்றன. அப்போது வடிசாலையில் கிளாஸ் கழுவிய பெண்ணின் நினைவு வந்தது. என்னைவிட இருபது வயது இளையவள். குடிப்பதில்லை என்று மாதா கோவிலில் சத்தியம் பண்ணி, அதற்கான சின்னத்தைச் சட்டையில் குத்தியிருப்பாள். குடித்துவிட்டு வைத்த கிளாஸைக் கழுவுமுன் ஒரு தரம் முகர்ந்து பார்ப்பாள். மூக்கைச் சுடுகிற சாராயம் பறந்துவிடும், பீப்பாயின் மணம் மிஞ்சி நிற்கும் என்பாள். விருந்தினர் போன பிறகு நாங்கள் இருவரும் முகர்ந்து முகர்ந்து பந்தயம் பிடிப்போம்.

“குடிச்சது குடிச்சாச்சு. இனி மூக்கை எடுங்கோ,” என்று சொல்லி, மூன்று போத்தல்களையும் வரிசையில் விட்டேன். “ஒண்டு முளைகட்டினது மட்டும். ஒண்டு பச்சைப் பார்லியும் கலந்தது. மற்றது ஷெரி வைன் இருந்த பீப்பாயிலை கிடந்தது. லேபிளைப் பாக்காமல் எது எது எண்டு சொல்லுங்கோ.”

முதலில் பகிடி பண்ணினார்கள். ஒருவர் போத்தலைக் காதில் வைத்து, “ஹலோ, டப்ளினோ?” என்றார். இரண்டாம் சுற்றில் பகிடி நின்று சண்டை தொடங்கியது.

“இது கிறிஸ்மஸ் கேக் மணம் மச்சான்!”

“உனக்குத் தடிமன், மூக்கு அடைச்சிருக்கு. இங்கை தா.”

“மிளகு இதுக்கை இருக்கு. மாறிப் பிடிச்சிருக்கிறியள்.”

முதலாளி அம்மா உள்ளே வந்தபோது முப்பது தமிழர்கள் வெறும் போத்தல்களுக்குள் மூக்கை விட்டு வாதாடிக்கொண்டிருந்தார்கள். மேசைகளில் கோலாக் கிளாஸ்கள் பாதியில் நின்றன. அவர் என்னைப் பார்த்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ‘எல்லாவற்றையுமா?’ என்று கேட்டார். ‘எல்லாவற்றையும்’ என்றேன். ஒரு கணம் கண்ணை மூடினார்.

பிறகு கைக்குட்டையால் லேபிள்களை மறைத்து, ஒரு போத்தலைத் தானே கணக்காளரிடம் நீட்டி, இது எது என்று கேட்டார். அவர் மூச்சை நீளமாக இழுத்து, ஷெரிப் பீப்பாய் என்றார். சரி. அடுத்ததை மைத்துனரிடம் கொடுத்தார். அவர் இரண்டு தரம் முகர்ந்துவிட்டு, இதில்தான் வரி கட்டாத பார்லி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். முதலாளி அம்மா சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். அவர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மூன்று மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டார்.

“செவ்வாய் பத்து மணிக்கு மேல்மாடிக்கு வா,” என்றார் போகும்போது. “நிலவறைக்கு வேறு ஆளைப் பார்க்கிறேன்.”

நான் மைத்துனரோடு நின்று கிளாஸ்களைக் கழுவினேன். பார்சல் கிடங்கின் மேற்பார்வையாளருக்கு வேலையை விடுவதாகத் தொலைபேசியில் சொன்னபோது, “முதுகோ?” என்று கேட்டான். “இல்லை, மூக்கு,” என்றேன்.